பாஷாவின் மரியாதை

இரண்டாம் உலகச் சண்டைக்காலம். பெட்ரோல் கிடைக்காமல் திருத்தணி பஸ்களெல்லாம் கரியை எரித்து வரும் புகையில் ஓடின. ஆர்.கே.பேட்டை பஸ்ஸின் டிரைவர் கஜபதி. ஷெட்டில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் மேஸ்திரி மெஹபூப் பாஷா. பதினோரு வருஷமாகப் பாஷா அவனைக் 'கஸ்மாலம்' என்றுதான் கூப்பிடுவார்.

அதைக் கேட்ட யாரோ ஒரு வக்கீல் வீட்டு அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு போய் முதலாளி சிவப்பிரகாசத்திடம் முறையிட்டாள். அவர் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார்: "இனிமே ஒரு கெட்ட வார்த்தை காதுல விழுந்தா, சொன்னவனுக்கு அன்னைக்கே சீட்டு கிழியும்."

மறுநாள் பாஷா, "வாங்க கஜபதி" என்றார். உத்தரவுக்குப் பயந்து வாயை மாற்றுகிற ஆளா பாஷா என்று கஜபதி சந்தேகப்பட்டான். முதலாளியின் மச்சான் புதிதாக வண்டி ஓட்டக் கற்றிருந்தான். தன்னைக் கழற்றிவிட்டு அவனை ஏற்ற முதலாளியும் பாஷாவும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்களோ? மூன்று நாளும் 'ங்க' தான். மூன்று நாளும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கிருத்திகை அன்று பஸ்ஸில் நாற்பது பேர். பாஷா மெல்ல வந்தார்.

"பிரேக்கு சரியில்லீங்க. இப்ப எடுக்க வேணாங்க."

கூட்ட நாளில் வண்டி எடுக்கவில்லை என்று பழி போடப் பார்க்கிறார்கள் என்றே கஜபதி நினைத்தான். மிதித்துப் பார்த்தான், பிடித்தது. வண்டியைக் கிளப்பினான்.

வாசல் தாண்டுமுன் பின்னாலிருந்து பாஷாவின் கத்தல்:

"டேய் பேமானி! நிறுத்துடா கய்தே! அத்தினி பேரையும் சாவடிக்கப் போறியாடா, சோமாரி!"

அந்தப் பழைய திட்டைக் கேட்டதும் கஜபதியின் கால் தானாகப் பிரேக்கில் விழுந்தது. பெடல் பிடிக்காமல் அடிப்பலகை வரை போய் முட்டியது. கைப்பிரேக்கை வலித்து, மணல் மேட்டில் மோதி நிறுத்தினான். அடுத்த பத்தடியில் ரயில்வே கேட் சரிவு. பஸ்ஸுக்குள் பெண்கள் அலறினார்கள்.

முதலாளி வெளியே ஓடிவந்தார். "பாஷா, உனக்கு இனிமே இங்க வேலை இல்ல."

கஜபதி வண்டிக்கடியில் ஊர்ந்து, அறுந்து தொங்கிய பிரேக் கம்பியைக் கழற்றிவந்து முதலாளி கையில் வைத்தான்.

"அவரு திட்டலன்னா நான் நிறுத்தியிருக்க மாட்டேங்க. அவர அனுப்பினா ஸ்டீரிங்க நீங்களே புடிச்சிக்குங்க."

முதலாளியிடம் இதுவரை யாரும் இப்படிப் பேசியதில்லை. கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நின்றவர்களைப் பார்த்தார். "மொதல்ல ரெண்டு பேரும் வண்டிய பாருங்க" என்று உள்ளே போய்விட்டார்.

கம்பி மாற்றும்போது கஜபதி உண்மையைச் சொன்னான்: "பாய், உன்னை சந்தேகப்பட்டுட்டேன்."

பாஷா நிமிரவில்லை. "மூணு பொண்ணு வச்சிருக்கேன். வேலை போய்டும்னு வாய மூடிகினு இருந்தேன். நீ இன்னாடான்னா தப்பா நெனச்சிட்ட..." நட்டை முடுக்கினார். அவர் முகத்தைப் பார்க்கவே கஜபதிக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டு மணிக்கு வண்டி தயார். கஜபதி மூன்று தடவை மிதித்துப் பார்த்தான். பாஷா ஸ்பேனரைத் துடைத்து இடுப்பில் செருகினார். யாரையும் கேட்காமல் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ஆர்.கே.பேட்டை போய்ச் சேரும்வரை அவர் கண் பெடலைவிட்டு நகரவில்லை.