கௌரம்மாவின் கிணறும் சேகரனின் பட்டு வேட்டியும்

மைசூரில் போகாதிப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த பசுமைக் கட்டடத்தில் மழைநீருக்குப் பொறுப்பான இன்ஜினியர் சேகரன். சேற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு வெளியே போனாலும் ஆட்களைப் பிடி பிடியென்று பிடித்துவிடுவான். மழையைக் காவல் காப்பதற்கு ஒரு படிப்பா என்று கொள்ளேகாலில் அவன் அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த ஆயுத பூஜைக்குப் பிறகு அவனுக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

சைட் முற்றத்தில் விழும் மழை ஒரு கால்வாய் வழியாக ஓடி, குழாயில் நுழைந்து, மழைநீர்க் குழிக்குள் இறங்கி நிலத்தில் ஊறிவிடும். மதிலுக்கு அந்தப் பக்கம், குழியை ஒட்டினாற்போலவே கௌரம்மாவின் கிணறு. கொள்ளேகால் பக்கத்துக் கௌதள்ளியிலிருந்து வந்து மெஸ் நடத்துகிறவள். சமையலெல்லாம் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான். குழி தோண்டும்போது, அழுக்கு கிணற்றில் ஊறிவிடுமோ என்று அவள் பயந்தாள். "உங்க கிணறு என் பொறுப்புங்க அக்கா" என்று சேகரன் மார்தட்டினான். மார்தட்டுவது அவனுக்குக் கைவந்த கலை.

பூஜையன்று காலையில் தன் பழைய பைக்கை எங்கே கழுவலாம் என்று பார்த்தான். சைட்டிலேயே சேறில்லாத இடம், அவன் கல் பதித்து அழகு பார்த்த அந்தக் கால்வாய் ஓரம்தான். ஒரே ஒரு பைக்தானே என்று கழுவினான். இன்ஜினியரே கழுவுகிறார் என்றதும் டிரைவர் மதன் தன் ஜேசிபியைக் கொண்டுவந்தான். பின்னாலேயே டிப்பர் வந்தது, கலவை மெஷின் வந்தது. டீசலும் கிரீஸும் கல்லின்மேல் படர்ந்தன. தடுக்கலாமென்று வாயைத் திறந்தான். பைக் துடைத்த துணி கையிலேயே இருந்தது. வாயை மூடிக்கொண்டான்.

அப்புறம் பூஜை. மண்வெட்டி, கடப்பாறை, ஸ்பேனர் என்று எல்லாவற்றையும் அடுக்கி, குழாயின் வால்வைத் திருகும் நீளச் சாவியையும் சேர்த்து வைத்துப் பூச்சுற்றினார்கள். பட்டு வேட்டி கட்டிய சேகரன் பெரிய மனுஷத் தோரணையில் அறிவித்தான்: "நாளைக்கு மறுபூஜை ஆகற வரைக்கும் யாரும் ஒரு சாமானத் தொடக் கூடாது, ஆமா!"

சுண்டல் தீர்வதற்குள், சாமுண்டி மலைப் பக்கமிருந்து மழை கொட்டிக்கொண்டு வந்துவிட்டது. கல்லிலிருந்த டீசலெல்லாம் கால்வாயில் இறங்கியது. வால்வை மூடினால் போதும், தண்ணீர் சைட்டின் சேற்றுத் தண்ணீரைத் தேக்கும் வண்டல் குழிக்குத் திரும்பிவிடும். சேகரன் சாவியை எடுக்கப் போனான்.

"சார், நீங்கதானே தொடக் கூடாதுன்னீங்க?" என்றான் மதன்.

எல்லாரும் பார்த்தார்கள். நீட்டிய கை நின்றுவிட்டது. சாமிக்குப் பயந்ததாக அப்போது நினைத்துக்கொண்டான். உண்மையில், சொன்ன சொல்லை அத்தனை பேர் முன்னால் விழுங்க வெட்கம். ஓடிப்போய்ச் செங்கல்லை வைத்துப் பார்த்தான், நிற்கவில்லை. பலகையை வைத்தான், புரண்டது. கடைசியில் பட்டு வேட்டியோடு கால்வாயில் சப்பணம் போட்டு, குழாயின் வாயை முதுகால் அடைத்து உட்கார்ந்தான். தண்ணீர் முட்டித் திரும்பி வண்டல் குழிக்கு ஓடியது. மதன் போட்டோ எடுத்தான். சேகரன் அதற்கு முகத்தைச் சற்று நிமிர்த்தியும் கொடுத்தான்.

கௌரம்மா குடையோடு மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங் தம்பி, பண்டிகையும் அதுவுமா சாக்கடைல உக்காந்திருக்கறீங்க?"

"உங்க கிணத்துக்கு அழுக்கு போகக் கூடாதுன்னுதாங்க அக்கா."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காகவா சாமி? இருங்க, சூடா காப்பி வெச்சுக் கொண்டாறேன்."

சேகரன் பெருமையோடு குனிந்து, தான் தடுத்து நிறுத்திய அழுக்கைப் பார்த்தான். அழுக்கைக் காணோம். அடியில் பதித்த கல் பளிச்சென்று தெரிந்தது. தரையிலுள்ளதையெல்லாம் வாரிக்கொண்டு போவது மழையின் முதல் தண்ணீர்தான். பின்னால் வருவது நல்ல தண்ணீர். அவன் சாவிக்கும் செங்கல்லுக்கும் இடையில் அல்லாடிய நேரத்தில் டீசல் முழுக்க உள்ளே போய்விட்டது. இவ்வளவு நேரமும் பட்டு வேட்டியை நாசமாக்கி அவன் தடுத்துக்கொண்டிருந்தது நல்ல மழையை. அவமானம் அவனைப் பிடுங்கித் தின்றது.

"அக்கா!" என்று கூப்பிட்டான். "கிணத்துத் தண்ணில காப்பி வெக்காதீங்க. டீசல் இறங்கிருச்சு. இங்க வண்டி கழுவினோம். மொதல்ல கழுவினது நான்தான்."

கௌரம்மா திரும்பி வந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எத்தன நாளைக்கு?"

"தண்ணிய டெஸ்டுக்கு அனுப்பினாத்தாங்க தெரியும்."

"அப்பறம் இப்ப என்னத்த அடச்சுட்டு உக்காந்திருக்கறீங்க?"

"நல்ல தண்ணியத்தாங்க அக்கா" என்றான் சேகரன்.

"எந்திரிங்க" என்றாள். "நல்ல தண்ணியாச்சும் உள்ள போவட்டும்."