அம்மா கேட்டு எடுத்த படங்கள்

வெஸ் அண்ணா, ராணுவ முகாமில் நீ காலையில்தான் போனைத் தொடுவாய். எனக்குத் தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது. அம்மா நம் வீட்டை விற்கிறாள்.

நான் பள்ளியை முடிக்கும்வரை விற்க மாட்டேன் என்று உன் முன்னால்தானே சொன்னாள்? இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

இந்த அரைமாடி வீட்டை அவள் வாங்கியபோது பார்மா ஊரில் இதை யாரும் சீண்டவில்லை. அறுபதுகளில் இந்த மாதிரி வீடுகளைப் போட்டி போட்டு வாங்கினார்களாம், அப்புறம் சலித்துவிட்டதாம். வாசலிலிருந்து மேலே ஆறு படி ஏறினால் சமையலறை, கீழே ஆறு படி இறங்கினால் டிவி அறை. "வெறும் படிக்கட்டுதான் இருக்கு, வீடு எங்க லோர்னா?" என்று லூயிஸ் மாமா அம்மாவைக் கேலி செய்தாரே. இப்போது என் வகுப்புப் பிள்ளைகளுக்கே இதன்மேல் பைத்தியம். நம் ரோஸ் நிறக் குளியலறையை இன்ஸ்டாகிராமில் போட்டேன், நாலாயிரம் லைக்.

அம்மா அப்போதுதான் முதல் தடவையாக என் படங்களைப் பார்த்தாள். "டெல்லா, அந்தப் படிக்கட்டு இரும்புக் கைப்பிடியையும் எடுடி. சாயங்கால வெளிச்சத்துல எடு." மூன்று வாரம் சேர்ந்தே எடுத்தோம். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா?

இன்று மதியம் யாரோ ஒரு பெண் எழுதினாள்: "உங்க வீடு விலைக்கு வந்திருக்கே! சனிக்கிழமை பாக்க வரோம்." அவள் அனுப்பிய வீட்டு விற்பனைப் பக்கத்தில் இருபத்திரண்டு படங்கள். எல்லாம் நான் எடுத்தவை.

சாப்பிடும்போது கேட்டேன். "எப்பம்மா சொல்றதா இருந்தே?"

"வித்ததுக்கப்புறம். முன்னாடியே சொன்னா எடுத்திருப்பியா?"

"அப்ப என் படம் நல்லாருக்குன்னது?"

"நல்லாத்தானே இருக்கு! அதான் ஒன்பது பேர் வராங்க. இந்த மவுசு எத்தனை நாளைக்கோ. ரோட்னி வீட்ல உனக்குன்னு ஒரு ரூம் இருக்கு, கண்ணு."

அம்மா பழகும் ரோட்னி இரண்டு மணி நேரம் தள்ளி டொலீடோவில் இருக்கிறார். என் பள்ளி இங்கே.

விற்பவர் வீட்டின் குறைகளை எழுதிக் கையெழுத்திடும் படிவம் மேசையில் கிடந்தது. கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்ததுண்டா? 'இல்லை' என்று டிக் செய்திருந்தாள். போன மார்ச்சில் நீயும் நானும் வாளி வாளியாக இறைத்தோமே!

கீழே போய் சுவரின் மரப்பலகையை நெம்பி, பின்னாலிருந்த கறுப்புப் பூஞ்சையைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டேன். ஐந்து பேர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மா கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். "அந்தப் படத்தை அழிச்சுடுடி. என்னைக் கோர்ட்டுக்கு இழுத்துடுவாங்க." அழுகிறாள் அண்ணா.

நான் கதவைத் திறக்கவில்லை. படத்தையும் அழிக்கவில்லை. எழுந்ததும் முதலில் எனக்குப் போன் செய், அவளுக்கு வேண்டாம்.