பத்தோடு விடுவார்கள்

அன்று நண்பகலில் அவ்வறையில் இருந்தவர் ஐவர்: மருத்துவர், ஊசிப் பெட்டியைத் தாங்கிய செவிலி, பதினான்காம் காய்ச்சல் தணிந்து வியர்வையில் கிடந்த அச்சுக்கோப்பவர், புதிதாய் வந்த நோயாளியான வண்டியோட்டி, அவன் தோளைவிட்டுக் கையெடுக்காத மனைவி.

வெளியே வெயில் உருக்கிய ஈயம்போல் முற்றத்தில் பரந்து, உயர்மதிலில் மோதித் திரும்பி, கம்பியிட்ட சாளரங்களின் நிழலைக் கட்டில்கள்மேல் கோடிட்டுக்கொண்டிருந்தது. மேகநோய் மூளைக்கேறிப் பித்தானவரை மீட்க அக்காலத்து மருத்துவர்க்கு வாய்த்த வழி ஒன்றே: மலேரியா எனும் முறைக்காய்ச்சல் கண்டவன் குருதியை நோயாளி உடலில் ஏற்றி, அவ்வெம்மையில் நோயை வேகவைத்து, பத்தாம் காய்ச்சலோடு கொயினா மருந்து கொடுத்துக் காய்ச்சலை அணைத்துவிடுவது.

அச்சுக்கோப்பவர்க்குப் பத்தாவதிலேயே அறிவு தெளிந்தது. கொயினா மட்டும் வரவில்லை. அடுப்புக்கென்று ஒரு கொள்ளியைச் சாம்பலில் புதைத்துவைப்பதுபோல், அடுத்த நோயாளி வரும்வரை காய்ச்சலை அவர் உடலில் காத்துவைத்தார்கள். மருத்துவமனையில் வேறு நெருப்பு இல்லை. விலாவின்கீழ் மண்ணீரல் கல்லாய்த் திரண்டிருந்தது. இன்னொரு காய்ச்சலைத் தம் உடல் தாங்காதென்பதை அவர் அறிவார்.

"இந்த ஆஸ்பத்திரியே என்னோடதுதான். எல்லாருக்கும் சம்பளம் ஏத்திட்டேன்!" என்றான் வண்டியோட்டி.

"ஏத்துங்க ராஜா. மொதல்ல சட்டையக் கழட்டுங்க" என்றாள் செவிலி.

மனைவி அச்சுக்கோப்பவரின் கட்டிலருகே வந்தாள். "அண்ணே, பத்துக் காய்ச்சல்னு சொல்றாங்க. பத்தோட விட்டுடுவாங்களா? உள்ளதச் சொல்லுங்க. இல்லேன்னா இப்பவே கூட்டிட்டுப் போயிடறேன்."

மருத்துவர் ஊசியைத் துடைத்தார். துடைத்ததையே மீண்டும் துடைத்தார்.

"பத்துதாம்மா. பத்தோட விட்டுடுவாங்க. என்னப் பாரு, தெளிஞ்சுட்டேன்ல?" என்றார் அச்சுக்கோப்பவர்.

"ஒங்க கண்ணு ஏன் இப்பிடி மஞ்சளா கெடக்கு?"

"வெயிலும்மா."

அவள் தலையசைத்தாள். அச்சுக்கோப்பவர் கையிலிருந்து எடுத்த குருதி, சூடாறுமுன் வண்டியோட்டியின் தோளில் இறங்கியது. செவிலி கொயினாவை அவர் நாவில் வைத்தாள். கசப்பை வீணாக்காமல், நீரும் கேளாமல் விழுங்கினார். பொறியில் அகப்பட்டவனுக்கு வாயில் திறப்பது மற்றொருவன் உள்ளே நுழையும்போதுதான்; அந்த நேரத்தில் நுழைபவனுக்கு வழிசொல்ல வாய் வருவதில்லை.

"அண்ணனுக்கும் சம்பளம் உண்டு!" என்று சிரித்தபடியே வண்டியோட்டி உள்ளறைக்குள் நடந்தான். மனைவி வாசலிலேயே நிறுத்தப்பட்டாள். செவிலி கதவைச் சாத்தி, பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.