முப்பத்திமூன்றாம் பக்கம்

எழுத்துத் தெரியாது என்பதால்தான் எனக்கு அந்த மேஜை கிடைத்தது. பைண்டிங் பட்டறையில் நான் சேர்ந்த அன்றே ஃபோர்மேன் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். "படிக்கத் தெரிஞ்சவனை இங்க விட்டா நின்னு படிச்சுட்டு இருப்பான். இவர் கை அது பாட்டுக்கு ஓடும்." இருபத்திரண்டு வருஷம் ஓடியது.

வேலை இதுதான். அச்சடித்த பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம் வரும். அதை ஃபாரம் என்போம். எங்களுக்கு வருவது பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான புத்தகங்கள். பெரிய மனிதர்களின் வாழ்க்கை, ஆளுக்கொரு புத்தகம், புத்தகத்துக்கு மூன்று ஃபாரம். மேஜையில் மூன்று அடுக்கு இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒன்று எடுத்துச் சேர்த்து, தட்டி, தையல் மிஷினுக்கு அனுப்ப வேண்டும். மடிப்பின் முதுகில் ஒரு கறுப்புக் கோடு போட்டிருப்பார்கள். முதல் ஃபாரத்துக்கு மேலே, அடுத்ததற்குக் கொஞ்சம் கீழே, மூன்றாவதற்கு இன்னும் கீழே. சேர்த்துப் பிடித்தால் கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்கும். இறங்கினால் சரி. இதற்கு எழுத்து எதற்கு? பட்டறையில் எனக்குக் கோட்டுக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மடிக்கிற இடத்திலிருந்து ஃபாரங்களைத் தூக்கிவந்து என் மேஜையில் அடுக்குகிறவள் சிட்டு. பெயர்தான் சிட்டு. ஒரே நடையில் இரண்டு கட்டைத் தூக்கி வருவாள், மிஷின் சத்தத்துக்கு மேலே பேசுவாள். வெளியூரில் வேலைக்குப் போயிருக்கும் மகளைப் பற்றித்தான் பேச்செல்லாம். நான் தலையாட்டுவேன். ஒரு நாளில் என்னிடம் பேசுகிற ஆள் அவள் ஒருத்திதான்.

என் மனைவி இருந்தவரை வீட்டுக்கு வரும் காகிதங்களை அவள் படிப்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் போன பிறகும் காகிதங்கள் வந்துகொண்டிருந்தன. பிரிக்காமல் அலமாரிமேல் போட்டு வைத்தேன். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்குப் போனேன். அப்போது வயது ஐம்பத்து நாலு. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு; முழங்கால் மேஜையில் இடிக்கும். முப்பது பேரில் கடைசிவரை நின்றவர்கள் நாலு பேர். வீட்டில் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்த காகிதம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. என் மனைவியை மறுபடி வந்து காட்டச் சொல்லி, அவள் பெயருக்கே எழுதியிருந்தார்கள். அவள் போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

பட்டறையில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மேஜை போய்விடும். மேஜை போனால் புத்தகங்களும் போய்விடும்.

ஆமாம், கை ஓடும்போதே படித்துக்கொண்டிருந்தேன். ஃபாரத்தை மேஜையில் வைத்தால் வெளியே தெரிவது முன்பக்கமும் கடைசிப் பக்கமும்தான். மற்றவை மடிப்புக்குள் மூடிக் கிடக்கும். அதனால் எனக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் ஆறு பக்க வாழ்க்கை. பிறப்பார்கள், பதினாறாம் பக்கத்தில் எங்காவது கிளம்புவார்கள், நாற்பத்தெட்டில் சிலையாகிவிடுவார்கள். நடுவில் என்ன பாடுபட்டார்கள் என்பது மடிப்புக்குள். ஒரு புத்தகம் சேர்ப்பதற்குள் ஒரு வார்த்தை என்று படித்தால், ஒரு பக்கம் முடிய ஒரு மணி நேரம் ஆகும். அதுவே போதுமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போது நினைத்துப் பார்க்க ஒருவர் கூட இருப்பார்.

அந்த மாதம் பள்ளிகளில் பரிசு கொடுக்கப் புத்தகம் கேட்டு ஆர்டர் குவிந்தது. மேஜையின் இந்தப் பக்கம் ஒரு புத்தகம், அந்தப் பக்கம் ஒரு புத்தகம். இந்தப் பக்கம், மொட்டைமாடியில் உட்கார்ந்து நட்சத்திரங்களை எண்ணிய ஒரு அம்மாள். அந்தப் பக்கம், கப்பலில் தீவு தீவாகப் போய் வைத்தியம் பார்த்த ஒரு தாடிக்காரர். அவருடைய முப்பத்திரண்டாம் பக்கத்தில் மனைவி இறந்துவிட்டாள். முப்பத்திமூன்றில், ஒரு வருஷம் அவர் கப்பலில் யாரிடமும் பேசவில்லை என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்தின் கடைசி வரி இப்படி முடிந்தது: 'ஒரு நாள் மதியம் எல்லோரும் வியக்கும்படி அவர் வாய் திறந்து'.

அவ்வளவுதான். மிச்சம் மடிப்புக்குள்.

காலையிலிருந்து அந்த வரியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மத்தியானம் தாங்கவில்லை. அந்த ஃபாரத்தில் ஒரு கட்டை அள்ளிக்கொண்டு, ஓரம் தட்டப்போகிறவன்போல ஜன்னல் பக்கம் போனேன். மடிப்பை விரலால் விலக்கி ஒரு கண்ணால் பார்த்தேன். எழுத்துப் பிடிபடுவதற்குள் ஃபோர்மேனின் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டென்று திரும்பி, கையில் இருந்ததை அடுக்கில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். கோடுகள் படிக்கட்டாக இறங்கின.

மூன்று வாரம் கழித்து ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கடிதமும் புத்தகமும் வந்தன. ஃபோர்மேன் மிஷின்களை நிறுத்தச் சொல்லி எல்லோரையும் கூப்பிட்டார்.

"நட்சத்திரம் எண்ணிட்டிருந்த அம்மாவுக்கு முப்பத்திமூணாம் பக்கத்துல எப்படித் தாடி வந்துச்சுன்னு பிள்ளைங்க கேக்குறாங்களாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். நாற்பது பிரதி அப்படிப் போயிருக்கிறது என்றார். பிறகு சிட்டுவின் பக்கம் திரும்பினார்.

"கோடு சரியாத்தான் இருக்கு. அடுக்கே மாறி வந்தா கோட்டுக்காரர் என்ன பண்ணுவாரு? நீ திங்கக்கிழமையிலேருந்து வர வேணாம்மா."

சரியாகத்தான் அடுக்கினேன் என்று சிட்டு இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லாமல் தன் கைகளைப் பார்த்தாள். ஒருவேளை நாம்தான் மாற்றி வைத்தோமோ என்ற சந்தேகம் அவள் முகத்தில் வந்துவிட்டது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"அந்தக் கட்டை மாத்தி வச்சது நான்தான்" என்றேன்.

"நீங்க எதுக்கு அதைத் தூக்குனீங்க?"

"படிக்க."

மறுபடி சிரிப்பு. ஃபோர்மேன் சிரிக்கவில்லை. அவளைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று நினைத்தார். திரும்பி வந்த புத்தகத்தை முப்பத்திமூன்றாம் பக்கத்தில் விரித்து என் கையில் கொடுத்தார்.

"எங்க, படிங்க பாப்போம்."

மூக்குக்கண்ணாடியை டவுசர் பையின் அடியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன். மேஜையில் கண்ணை இடுக்கியே படித்து வந்ததால், எழுத்துக் கற்ற மூன்று வருஷத்தில் அதை அங்கே யாரும் பார்த்ததில்லை. படித்தேன். மெதுவாக, வரிக்கு அடியில் விரல் வைத்து. மிஷின்கள் நின்றிருந்ததால் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. நான் படித்து இன்னொருவர் கேட்பது அதுதான் முதல் தடவை. 'வாய் திறந்து' என்ற இடத்துக்கு வந்ததும் பக்கத்தைத் திருப்பப் போனேன்.

"போதும்" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.

இருபத்திரண்டு வருஷத்தை நினைத்து என்னை அனுப்பவில்லை. கட்டுப் போடும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே புத்தகங்கள் காக்கித் தாளுக்குள் போன பிறகுதான் வரும். சிட்டு வேலையில் இருந்தாள்.

அன்று சாயங்காலம் கேட் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஏதாவது நல்லதாகச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"மூணு வருஷம் பக்கத்துல நின்னோமே அண்ணே. எம் பொண்ணு போடுற லெட்டரை எல்லாம் அந்த டீக்கடைக்காரர்கிட்ட குடுத்துத்தானே கேட்டேன். கடையில இருக்கிறவன் எல்லாம் கேட்டான், எம் பொண்ணு அழுததை."

மேஜை போய்விடும் என்று பயந்தேன் என்பதை அப்போது எப்படிச் சொல்ல? அவள் போய்விட்டாள்.

நாற்பதில் முப்பத்தேழு திரும்பி வந்தன. எடைக்குப் போடுவதற்காக என் அறையில்தான் கொட்டினார்கள். மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஒன்றை எடுத்து முப்பத்திநாலாம் பக்கத்தைப் பிரித்தேன். இத்தனை வாரம் நான் என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன். அந்த வைத்தியர் கப்பல் சமையல்காரரிடம், 'இன்றைக்கு உப்பு அதிகம்' என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். எல்லோரும் கை தட்டினார்களாம். அந்த அம்மாளின் கடைசி ஃபாரத்தில் என்ன இருந்தது என்பது எனக்கு இன்னும் தெரியாது.

மறுநாள் மத்தியானம் கட்டுப் போடும் அறையின் வாசல் வழியாகச் சிட்டு போனாள். கையில் கவர் இருந்தது. வாசலுக்கு நேரே வந்ததும் நடை கொஞ்சம் தளர்ந்தது. நான் எழுந்தேன். கண்ணாடி மூக்கின்மேல்தான் இருந்தது. லெட்டரை நான் படிக்கட்டுமா என்று கேட்கத்தான் எழுந்தேன்.

"மழை வர்ற மாதிரி இருக்கு" என்றேன்.

அவள் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தாள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"வரட்டும்" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தாள்.