மணல் திட்டில் இரண்டு துடுப்புகள்

படகு இல்லை என்பதை முதலில் பார்த்தவள் மார்லிஸ்தான்.

ஒரு மணி நேரம் முன்பு அவள் கணவன் ஆர்விட் அதை மணலில் மூன்றடி இழுத்துப் போட்டிருந்தான். வடக்கே மின்னசோட்டாவில், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரியில், அறுபது வருஷமாக அப்படித்தான் செய்கிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போய்விடாமல் இருக்கத் துடுப்புகளை மட்டும் கையோடு தூக்கிக்கொள்வான். ஏரித் தண்ணீர் எங்கேயும் போகாது. விட்ட இடத்தில் படகு இருக்கும்.

இது ஏரி இல்லை. புளோரிடாவின் தெற்கு முனை. கடல்.

காலையில் படகு வாடகைக்கு விடும் இடால்மிஸ் சொல்லத்தான் செய்தாள். "மூணு மணிக்கு மேல தண்ணி ஏறும் சார். திட்டுல இறங்கினா படகை எதுலயாவது கட்டிருங்க."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் துடுப்பு போட்டவன்ம்மா" என்றான் ஆர்விட்.

"துடுப்பு போடுறதுல யாரும் குறை சொல்லல சார்" என்று அவள் சிரித்தாள்.

திட்டுக்கு வந்தது வெள்ளைக் கூழைக்கடாப் பறவைகளைப் பார்க்க. கோடையில் அவை மின்னசோட்டாவில், இவர்கள் ஏரியின் தீவில்தான் முட்டையிடும். பனி விழுந்ததும் இங்கே வந்துவிடும். இவர்களும் ஐந்து குளிர்காலமாக அப்படித்தான் வருகிறார்கள், தூங்கும் சக்கர வீட்டையே வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு.

"நம்ம ஊர்க்காரங்க" என்று ஆர்விட் தொலைநோக்கியைக் கொடுத்தான். "அங்க பாரு, அந்தக் குண்டன். சாயல்ல உன் அண்ணன் மாதிரியே இல்ல?"

அவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். அப்போதுதான் பார்த்தாள்.

படகு முந்நூறு அடிக்கு அப்பால், அலையாத்திக் காட்டை நோக்கித் தானாகப் போய்க்கொண்டிருந்தது. உயிர்காப்புச் சட்டைகள் அதில்தான் இருந்தன. உட்காரும் பலகை குத்துகிறது என்று அடியில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கைபேசியும் அதில்தான்.

"ஆர்விட்."

அவன் பார்த்தான். பூட்ஸைக் கழற்றினான்.

"வேணாம். நெஞ்சு அடைப்புக்குக் கம்பி வச்சிருக்கு உனக்கு."

"இந்தத் தண்ணியா? நம்ம ஊர்ல ஜூலையில இதவிடச் சில்லுனு இருக்கும்."

"சில்லுனு இருக்கறதச் சொல்லல நான். யாராவது வருவாங்க."

"யாரு வருவா மார்லிஸ்? மணி நாலு. திட்டப் பாரு."

அவள் பார்த்தாள். வரும்போது தேவாலய மைதானம் அளவுக்கு இருந்தது. இப்போது அந்தச் சக்கர வீட்டின் அளவுதான் மிச்சம். கூழைக்கடாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிப் போயின. அவற்றுக்கு அவசரமே இல்லை.

ஆர்விட் நீந்தினான். முதலில் நேராகப் போனான். பிறகு தண்ணீர் அவனை இழுத்தது. கை வீசுவது நின்றது. தொப்பி மட்டும் தெரிந்தது. பிறகு காட்டின் நிழலுக்குள் அதுவும் போய்விட்டது.

அவள் கத்தினாள். கணுக்காலில் தண்ணீர். மறுபடியும் கத்தினாள். இடது பக்கம் ஏதோ ஒரு பெரிய மீனின் முதுகுத் துடுப்பு எழும்பி, வளைந்து, அமிழ்ந்தது. டால்பினா, சுறாவா, தெரியவில்லை. அதன் பிறகு அவள் கத்தவில்லை. சத்தம் போட்டால் அது கேட்கும் என்று தோன்றியது. முட்டாள்தனம் என்று தெரிந்தும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது அவன் குரல் கேட்டது.

"கிடைச்சிருச்சு! வேருல சிக்கிட்டு நிக்குது! உள்ள ஏறிட்டேன்!"

"அப்ப வா!"

படகுக்குள் எதையோ உருட்டித் தேடும் சத்தம் கேட்டது.

"மார்லிஸ். துடுப்பு எங்க?"

அவள் குனிந்து பார்த்தாள். மணல் மூழ்கியபோது தூக்கிக்கொண்ட இரண்டும் அவள் கையில்தான் இருந்தன.

கையால் தள்ளிப் பார்த்தான். அவளுக்குத் தெரிந்தது, வெள்ளைப் படகு காட்டு ஓரத்தை விட்டு ஒரு முழம் வந்து, திரும்ப ஒட்டிக்கொண்டது. மூன்று தடவை.

"தண்ணி இறங்கும்போது தானா வந்துருவேன்! அதுவரைக்கும் நில்லு!"

"எப்ப இறங்கும்?"

"ஏழு... எட்டுக்குள்ள!"

தண்ணீர் இடுப்பைத் தொட்டிருந்தது. இரண்டு வருஷம் முன்பு அறுவை செய்து மாற்றி வைத்த இடுப்பு. ஒவ்வொரு அலைக்கும் பாதத்தின் கீழ் மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. எட்டு மணிக்கு இங்கே நிற்பதற்குத் தரை இருக்காது.

படகு எப்படிப் போனது என்று யோசித்தாள். யாரும் அதை ஓட்டவில்லை. ஆர்விட்டும் பாதிதான் நீந்தினான். மீதியை இந்தத் தண்ணீரே கொண்டுபோனது. அதே பக்கம், அதே இடத்துக்கு.

"நான் வரேன்" என்று கத்தினாள்.

"லூசா நீ? நில்லு! நீ நீந்தி இருவது வருஷம் ஆச்சு!"

"நீந்தல."

இரண்டு துடுப்புகளையும் சேர்த்து மார்புக்குக் கீழே அணைத்துக்கொண்டாள். தரையை விட வேண்டும். அதுதான் முடியவில்லை. கால் விரல்கள் மணலைப் பற்றிக்கொண்டு நின்றன. ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். மூன்று வரவில்லை. ஒரு அலை வந்து முகத்தில் அடித்தது. விரல்கள் தாமாக விட்டன.

தண்ணீர் அவளைத் தூக்கியது.

காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. கீழே பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடினாள். வழவழப்பாக ஏதோ தொடையை உரசிக்கொண்டு போனது. அவள் மூச்சை விடவில்லை. உதைக்கவும் இல்லை. ஒரு துடுப்பு நழுவிப் போனது. மற்றதை இரண்டு கையாலும் பிடித்தாள். ஆர்விட் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தான். குரல் இடப்பக்கம் போனால் அந்தப் பக்கம் காலை ஆட்டினாள். வேறொன்றும் செய்யவில்லை.

வேரில் ஒட்டியிருந்த கூரான சிப்பி முழங்காலைக் கிழித்தது. பிறகு சட்டைக் காலரை ஒரு கை பிடித்தது.

படகு கவிழப் பார்த்தது. எப்படி ஏறினாள் என்று அவளுக்கு நினைவில்லை. அடித்தட்டில் கிடந்தாள். பல் கிட்டித்தது. ஆர்விட்டின் இரண்டு உள்ளங்கையிலும் ரத்தம். உதடு நீலமாகியிருந்தது.

வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு இருக்கும். திட்டு இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். ஒரு பறவைகூட இல்லை.

"குடு" என்று அவன் கை நீட்டினான். "காட்டோரமாவே போனா கரை சேர்ந்துரலாம். நான் தள்றேன்."

அவள் துடுப்பைக் கொடுக்கவில்லை.

"முன்னால போய் உக்காரு" என்றாள். அவன் போய் உட்கார்ந்தான்.