உம்மாவின் குடி

“கணிதம் படிச்சவனுக்கு இரும்புல என்ன வேலை?” என்று கேட்டார் அதாவுல்லா ஹாஜியார்.

கல்முனையில் நீர்ப் பம்பும் நெல் குற்றும் மெசினும் செய்யும் பட்டறை அவருடையது.

“பிரயோக கணிதம், ஹாஜியார். சுத்துற சாமான், அதிருற சாமான் எல்லாத்துக்கும் அதுல கணக்கு இரிக்கி. ஒங்கட பம்பு ஏன் நடுங்குது எண்டு பார்க்கலாம்.”

“நடுங்குது எண்டு ஆர் செல்லின?”

சொன்னவன் மக்கீன். வேலை கேட்டு வந்திருந்த ஜவுபரின் நண்பன். இங்கேதான் வேலை. சுவருக்கு அப்பால் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான்.

“வாசல்ல நிக்கக்குள்ள சத்தம் கேட்டிச்சு,” என்றான் ஜவுபர்.

ஹாஜியார் அவனுடைய சான்றிதழைப் புரட்டினார். “கொழும்புல வேலை கிடைக்கல்லயா?”

“எல்லா இடத்திலயும் எஞ்சினியரத்தான் கேக்குறாங்க.”

இங்கும் இல்லையென்றால் சம்மாந்துறைக்குத் திரும்பிப் போய் வாப்பாவின் வயலில் இறங்க வேண்டியதுதான்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு புது வீடு. வெள்ளை அடித்து, கதவு பூட்டிக் கிடந்தது. இந்தப் பக்கத்தில் வீடு கட்டுவது மகளுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே குடி வருவான். காலையில் தேநீர்க் கடையில் மக்கீன் சிரித்திருந்தான்: “முதலாளிர மூத்த குமருக்கு வீடு முடிஞ்சு கிடக்கு. நீ பட்டதாரி, மச்சான். வேலை கேட்டுப் போ, பொண்ணோட வருவாய்.”

“கலியாணம் முடிச்சா?” என்றார் ஹாஜியார்.

“இல்ல.”

உள்ளேயிருந்து தேநீர் வந்தது. பூப்போட்ட கோப்பை. பக்கத்தில் ஒரு துண்டு வட்டிலப்பம், விருந்துக்குச் செய்யும் இனிப்பு. வேலை கேட்டு வந்தவனுக்கு யார் வட்டிலப்பம் கொடுப்பார்கள்? ஜவுபர் அதைத் தொடவில்லை.

“உம்மாட குடி என்ன?”

அவன் எதிர்பார்த்திருந்த கேள்வி. குடி என்கிற வம்சம் உம்மா வழியாக வருவது. ஒரே குடியில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை மாதிரி, கலியாணம் பேச முடியாது. அவனுடையது ஓடாவி குடி. ஹாஜியாரின் மனைவியும் மகள்களும் மாலைகட்டி குடி என்பதையும் மக்கீன் சொல்லியிருந்தான். அதையே தன் குடியென்று சொன்னால் வீட்டுக் கதை அடிபட்டுப் போகும். பிறகும் வேலை மிஞ்சினால், அது உண்மையான வேலை.

“மாலைகட்டி குடி.”

ஹாஜியாரின் முகம் மலர்ந்தது.

“அட, எங்கட வீட்டுக்காரிர குடியா? அப்ப லேசாப் போச்சு. முந்தி ஒரு படிச்சவன எடுத்தன். பம்புப் படம் எல்லாத்தையும் பார்த்துக் கீறிக்கிட்டுப் போய் அக்கரைப்பற்றுல பட்டறை போட்டுட்டான். அதுக்குப் பிறகு, ஆள்ர குடிக்குத் தலைவரா இரிக்கிற மரைக்கார் பள்ளிவாசல்ல நிண்டு ‘இவன் நல்லவன்’ எண்டு செல்லாம ஒருத்தரையும் எடுக்கிறல்ல. மாலைகட்டி மரைக்கார் என்ட மச்சினன்தான்.”

ஜவுபர் ஜன்னல் பக்கம் திரும்பினான். “அந்தப் புது வீடு...”

“மகள்ட. பெருநாளைக்குப் பிறகு கலியாணம். இந்த வட்டிலப்பம் மாப்பிள்ளை வீட்டார் வந்து போன மிச்சம். தின்னு.”

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். அஸர் தொழுதவர்கள் எதிர்ப் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

“மீராமுகைதீன் மச்சான்! இஞ்ச வாங்க. ஒங்கட குடிப் பொடியன் ஒருத்தன் வந்திரிக்கான்.”

மரைக்கார் தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார்.

“எந்த ஊர் மகன்?”

“சம்மாந்துறை.”

“அங்க நம்மட குடி ரெண்டே ரெண்டு வீடு. நீ எந்த வீடு? உம்மா ஆரு?”

“சபியா உம்மா.”

“எந்த சபியா?”

ஜவுபர் வட்டிலப்பத்தைப் பார்த்தான்.

“ஓடாவி குடி,” என்றான். “நாங்க ஓடாவி குடி.”

மரைக்கார் ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். வட்டிலப்பத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சுவருக்கு அப்பால் மக்கீனின் லேத் சத்தம் நின்றுபோயிருந்தது.

“இப்ப செல்லு,” என்றார். “பம்பு நடுங்குது எண்டு ஒனக்கு ஆர் செல்லின?”