இரண்டு முறை உடைந்த கால்

அலுவலகத்தில் அவளுக்கு ஆம்புலன்ஸ் என்று பெயர். வைத்தவர்கள் அன்போடு வைக்கவில்லை. கால்பந்து அணியை நிர்வகிக்கும் வீடியோ கேம் ஒன்றை அங்கே தயாரித்தார்கள். அதில் விளையாடுகிறவர் பந்தை உதைக்க மாட்டார்; மேனேஜராக உட்கார்ந்து ஆள் வாங்குவார், ஆள் விற்பார், தோற்றால் நடுவரைச் சபிப்பார். யாருக்கு எப்போது தசை கிழிய வேண்டும், எவன் கணுக்கால் எத்தனை வாரம் வீங்கிக் கிடக்க வேண்டும் என்று கணக்குப் போடும் பகுதி அவளுடையது. ஏழு வருடமாகக் காலை உடைத்தே சம்பளம் வாங்குகிறவள் என்று பக்கத்து மேசைக்காரன் வந்தவன் போனவனிடமெல்லாம் சொல்வான். முதல் இரண்டு வருடம் அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

அவளுடைய மேலதிகாரிக்குப் பெயர் நிஜம். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் “இது நிஜத்துல நடக்குமா?” என்று கேட்பார். மழையில் கோல்கீப்பர் எத்தனை தடவை வழுக்கலாம் என்பதற்காக மூன்று வாரம் மல்லுக்கு நின்றவர். அதே கேமில் ஓய்வுபெற்றுப் போன ஒருவன் வீட்டில் இருந்தபடியே சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டிருந்தான். நாலு மாதம் அதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. நிஜத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை காலை சண்டை வீட்டிலேயே தொடங்கிவிட்டது. அவளுடைய தம்பி நிஜமான கால்பந்து ஆடுகிறவன், இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். பெரிய கிளப் ஒன்று அவனைப் பத்தொன்பது வயதில் சேர்த்துக்கொண்டு, ஆறு வருடம் மூன்று சின்ன கிளப்புகளுக்கு இரவல் கொடுத்துவிட்டு, கடைசியில் வேண்டாம் என்று கைகழுவிவிட்டது. எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறான். போன வாரம்தான் இரண்டாம் நிலைக் கிளப் ஒன்று அவனைக் கூப்பிட்டு ஆடவிட்டுப் பார்த்தது.

“உன் கேமால எனக்கு இந்த இடமும் போகப்போகுது,” என்றான், அவள் காபியை வாயில் வைக்கும் முன்பே.

“என்னடா உளர்ற?”

“உளர்றேனா? அங்க ஆள் பொறுக்குறவரு லேப்டாப்பைத் திறந்து காட்டினாரு. உங்க கேமு. என் பேருக்கு நேரா காயம் படுற அளவு இருபதுக்குப் பதினெட்டு. ‘நல்லா ஆடுற தம்பி, ஆனா கண்ணாடிப் பாத்திரமா இருக்கியே’ங்கறாரு. பன்னெண்டுக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்களாம்.”

“கேமைப் பாத்தா ஆளெடுக்குறாங்க?”

“பின்ன? ஊர் ஊரா ஆள் அனுப்பிப் பாக்க அவங்களுக்கு ஏது வசதி? உங்க கேம்தான் அவங்களுக்கு வேதம்.”

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அம்மாவுக்குக் கால்பந்தும் தெரியாது, கேமும் தெரியாது. யார் பக்கம் நிற்க வேண்டும் என்பது மட்டும் எப்போதும் தெரியும். “கூடப் பொறந்தவனுக்கே குழி பறிச்சிருக்கியேடி.”

“நான் போடலம்மா. அது கணக்குல தானா வர்ற நம்பர்.”

“அந்தக் கணக்கை எழுதினது யாரு?”

கணக்கு சரியாகத்தான் இருக்கும் என்று முணுமுணுத்தாள். தம்பி எழுந்து நின்றான்.

“சுருட்டைக்குப் பதினாலாம். அவனும் நானும்தான் மிச்சம், இருக்குறது ஒரே இடம். வியாழக்கிழமை உங்க கேம்ல புது அப்டேட் வருதாமே, அதைப் பாத்துட்டு வெள்ளிக்கிழமை சொல்றாங்களாம். இதுவும் இல்லன்னா நான் பூட்ஸைக் கழட்டிடுறேன். எனக்கு வயசு இருபத்தாறு. இதுக்கு மேல யாரும் கூப்பிட மாட்டாங்க.”

சுருட்டை என்பவன் தலைமுடியால் அந்தப் பெயர் பெற்ற இன்னொரு இரவல் ஆட்டக்காரன். தம்பியைவிட இரண்டு வயது சின்னவன். அவனைப் பற்றி வீட்டில் ஒரு நல்ல வார்த்தை வந்ததே கிடையாது.

அலுவலகம் போனதும் வேறு எந்த வேலையையும் தொடாமல் தம்பியின் பக்கத்தைத் திறந்தாள். பதினெட்டு. கோபத்தோடு உள்ளே போய் ஒவ்வொரு காயமாகப் பார்த்தாள். இருபது வயதில் பின்தொடைத் தசை கிழிந்தது. அந்த ஆறு வாரம் அவள்தான் ஐஸ் வைத்தாள். அது இருந்தது. அதற்குக் கீழே அதே மாதம், அதே தொடை, மறுபடியும் இருந்தது. கணுக்கால் இரண்டு முறை. தோள்பட்டை இரண்டு முறை. ஒரு தடவை உடைந்த கால் எலும்பு இரண்டு தடவை உடைந்திருந்தது.

விஷயம் அவளுக்குப் பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு குறிப்பாளர் உண்டு. அந்தக் கிளப்பின் ஆட்டம் ஒன்று விடாமல் பார்த்து விவரம் எழுதி அனுப்பும் ரசிகர். இரவல் போனவனுக்கு அடிபட்டால், கொடுத்த கிளப்பின் குறிப்பாளரும் எழுதுவார், வாங்கிய கிளப்பின் குறிப்பாளரும் எழுதுவார். கேம் இரண்டையும் கூட்டிக்கொண்டது. இரவல் போனவன் ஒவ்வொருவனும் இரண்டு மடங்கு நொண்டி.

பிழை அறிக்கையைத் திறந்து எழுதினாள். பிழை என்ன, எப்படி வருகிறது, யாரைப் பாதிக்கிறது என்று எழுதியவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. “இந்த வரியை எழுதிய புண்ணியவானுக்குக் கூட்டத் தெரிந்திருக்கிறது, யோசிக்கத் தெரியவில்லை. இப்படிப்பட்டவரைக் கணக்குப் பக்கம் விடுவதைவிட வாசலில் உட்கார வைக்கலாம்,” என்று சேர்த்து, மொத்த அலுவலகத்துக்கும் போகும் பட்டியலில் போட்டாள்.

மதியம் நிஜம் எல்லோரையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார். சுவர்த் திரையில் அவளுடைய அறிக்கை. நிஜம் அதை நிறுத்தி நிதானமாக, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். பிறகு அந்த வரியைத் திறந்து, அதை யார் எப்போது எழுதினார்கள் என்று காட்டும் பொத்தானை அழுத்தினார்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. எழுதியது அவள்.

அறையே வெடித்துச் சிரித்தது. பக்கத்து மேசைக்காரன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். இரவல் போனவர்களுக்குக் காயமே வருவதில்லை என்று அப்போது ரசிகர்கள் கத்தினார்கள். கொடுத்த கிளப்பின் பட்டியலை மட்டும் கேம் பார்த்ததுதான் காரணம். பாதிக் குறிப்பாளர்கள் இரவல் போனவனை மறந்தே போயிருந்தார்கள். இரண்டு பட்டியலையும் கூட்டிவிட்டால் தீர்ந்தது என்று ஒரே வரியில் முடித்தவள் அவள்தான்; மறந்தவர்களும் பிறகு பழைய காயங்களைத் தேடி எழுதி வைப்பார்கள் என்று அவள் நினைக்கவில்லை. அன்றைக்கு இதே அறையில் கைதட்டினார்கள்.

“வாசல்ல நாற்காலி போடச் சொல்லட்டுமா மேடம்?” என்றார் நிஜம்.

“நான் எழுதினதுதான் சார். நானே சரி பண்றேன். தேதியும் அடிபட்ட இடமும் ஒண்ணா இருந்தா ஒரு தடவைதான் எண்ணணும். வியாழக்கிழமை அப்டேட்ல போட்டுடலாம்.”

“முடியாது. நானூறு பேர் நம்பர் ஒரே நாள்ல மாறும். எல்லா சீசனையும் திரும்ப ஓட்டிப் பாக்கணும். அதுவுமில்லாம, இரவல் பசங்க சீக்கிரம் உடைஞ்சுடுறாங்க, அச்சு அசலா நிஜம் மாதிரியே இருக்குன்னு ரசிகர்கள் எழுதுறாங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்.”

“நிஜமா ஒரு தடவை உடைஞ்சது சார், நம்ம கேம்ல ரெண்டு தடவை உடைஞ்சிருக்கு. இது நிஜத்துல நடக்குமா?”

சிரிப்பு நின்றது. அவருடைய கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்டவர்கள் அதுவரை யாரும் இல்லை. மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். கதவு சாத்தியதும் குரலை இறக்கினார்.

“உங்க அறிக்கையில உதாரணமா இருக்குறது உங்க தம்பின்னு எனக்குத் தெரியும். இந்த வேகமெல்லாம் அதுக்குத்தானே? ஒரு ஆள் நம்பரைக் கையால மாத்த அனுமதி தர்றேன். மாத்திட்டு வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க.”

பிச்சை போடுகிற மாதிரிதான் சொன்னார். அவளும் வாங்கிக்கொண்டாள். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மேசைக்குப் போய்த் தம்பியின் பக்கத்தைத் திறந்து, பதினெட்டை அழித்து ஒன்பது என்று போட்டாள். சேமி என்ற பொத்தானின்மேல் கையை வைத்தாள். கடைசியாக ஒரு பார்வை என்று, இந்தப் பிழை தொட்ட எல்லோருடைய பட்டியலையும் எடுத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பேர். விரலால் தள்ளிக்கொண்டே போனாள். சுருட்டை வந்தான். இருப்பது பதினாலு, இருக்க வேண்டியது ஏழு.

அவனுக்கும் பன்னிரண்டுக்குக் கீழே. தம்பியைவிட இரண்டு குறைவு.

தம்பியை மட்டும் மாற்றினால் வெள்ளிக்கிழமை அந்த இடம் அவனுக்கு. எல்லோரையும் மாற்றினால் அது சுருட்டைக்குப் போகலாம். இதைவிடத் தெளிவாக ஒரு கணக்கு அவள் கைக்கு வந்ததே இல்லை. நியாயம், தர்மம் என்றெல்லாம் அவள் யோசித்ததாகச் சொன்னால் பொய். நானூற்றுப் பதினோரு பேரின் காலைத் தானே உடைத்துவிட்டு, தன் வீட்டுக் காலுக்கு மட்டும் கட்டுப் போட்டுக்கொண்டு எழுந்து போவது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அதோடு பிடிவாதம் வேறு. தப்பான நம்பர் ஒன்று கண்ணெதிரே நின்றால் அவளுக்குச் சோறு இறங்காது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஒன்பதை அழித்தாள். நேராக நிஜத்தின் அறைக்குப் போனாள்.

“அனுமதி வேண்டாம் சார். எல்லாருக்கும் மாத்தணும். இல்லன்னா ரசிகர்கள் பக்கத்துல நானே என் பேரைப் போட்டு எழுதுவேன், இது என் தப்பு, தெரிஞ்சும் இவங்க சரி பண்ண விடலன்னு.”

“மிரட்டுறீங்களா?”

“ஆமா.”

நிஜம் விரல் விட்டு எண்ணினார். “வியாழன் காலைக்குள்ள எல்லா சோதனையும் நீங்க ஒருத்தரே முடிக்கணும். ஒரு கை உதவிக்கு வராது. என்னென்ன மாறிச்சுன்னு அப்டேட்டோட போற குறிப்புல உங்க பேரோட போடுவேன், ஊர் உலகமே திட்டும். அடுத்த வருஷம் காயப் பிரிவு உங்ககிட்ட இருக்காது.”

“சரி.”

செய்து முடித்தாள். யாரும் பக்கத்தில் வரவில்லை. காபி இயந்திரத்துக்குப் போனால் பேச்சு நின்றது. வியாழக்கிழமை அப்டேட் வெளியானது. மதியத்துக்குள் முந்நூறு பேர் அவள் பெயரைச் சொல்லித் திட்டியிருந்தார்கள். கேமில் தங்கள் அணியிலிருந்த இரவல் பையன்களை அடிமாட்டு விலைக்கு விற்றுத் தள்ளியிருந்தார்களாம், எல்லோரும் இப்போது திடகாத்திரமாகிவிட்டார்களாம். வீட்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி மட்டும் தன் நம்பரைப் பார்த்துவிட்டு, எட்டு மாதத்தில் முதல் முறையாக, அக்கா சாப்பிட்டாளா என்று அம்மாவிடம் கேட்டான். அது அவளுக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அவன் திரும்பி வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றாள்.

“எடுத்துட்டாங்க,” என்றான்.

அம்மாவின் கை நெஞ்சுக்குப் போனது.

“சுருட்டையை.”

உள்ளே வந்து, பையைத் தரையில் போட்டுவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

“எனக்கு ஒன்பது. நல்ல நம்பர்னு சொன்னாரு. அவனுக்கு ஏழு, வயசும் கம்மி. முந்தாநாள் வரைக்கும் அவனுக்குப் பதினாலு.” மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “மாத்தும்போது அவன் பேரு உன் கண்ணுல பட்டுச்சா?”

நானூறு பேரில் யாரென்று பார்ப்பது என்ற பதில் நாக்கு நுனியிலேயே இருந்தது.

“பட்டுச்சு,” என்றாள்.

“எனக்கு மட்டும் மாத்தியிருக்க முடியுமா?”

“முடியும். அனுமதியே கொடுத்தாங்க. ஒன்பதுன்னு போட்டுக்கூட வச்சேன். அப்புறம் அழிச்சேன்.”

“அடிப்பாவி,” என்றாள் அம்மா. “ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு வழி விட்டுட்டு உன் தம்பி வயித்துல அடிச்சியா? நீ நல்லா இருப்பியா?”

“அவனுக்கும் அது தப்பான நம்பர்தானேம்மா.”

“விடும்மா,” என்றான் தம்பி. “இவ எனக்கு அக்கா இல்ல. அந்தக் கேமுக்குத்தான் அக்கா.”

அவள் அழுதாள். தான் செய்தது சரி என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனால் அழுகை ஒரு சொட்டும் குறையவில்லை. தம்பி அவள் அழுது முடியும்வரை காத்திருந்தான். இரக்கத்தால் அல்ல, இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது.

“என்னை அதுலேருந்து எடுத்துடு.”

“எடுக்க முடியாதுடா. ஆட்டத்தை விட்டவங்களும் ரெண்டு வருஷம் பட்டியல்ல இருப்பாங்க.”

“என் பேருக்கு நேரா கிளப்புங்கற இடத்துல என்ன போட்டிருக்கும்?”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “கிளப் இல்லைன்னு.”

“அதை யாரு போடுவாங்க?”

“கிளப் இல்லாதவங்களுக்கு நான்தான்,” என்றாள். அவன் எழுந்து பையை எடுத்துக்கொண்டான்.

“தப்பில்லாமப் போடு,” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.